நிறமுள்ள மூலிகைச் சாறும் எல்மன் முறையும்: கோலினை மாஸ் ஸ்பெக்கில் நேரடியாக அளப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: வல்லாரை, நீர்ப்பிரமி போன்ற மூலிகைகளின் சாறு, அசிட்டைல்கோலினைக் கோலினாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடைக்கும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியைத் தடுக்கிறதா என்று எல்மன் முறையில் பார்க்கிறார்கள். சாற்றின் நிறம் அளவீட்டைக் கெடுக்கிறது, ஒரே சாற்றுக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. துறையில் டிரிப்பிள் குவாட் எல்சி-எம்எஸ் கருவி (கலவையைப் பிரித்து, அயனிகளை எடையால் தேர்ந்து அளக்கும் மாஸ் ஸ்பெக்) இருக்கிறது. அதில் வினையை நேரடியாகப் பின்தொடர முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும். மாஸ் ஸ்பெக்கில் பின்தொடர இதைவிட வசதியான நொதி வினை கிடைப்பது அரிது. ஆனால் கருவி காட்டும் சிக்னல் வேறு, செறிவு வேறு. அந்த இடைவெளியை நிரப்பும் வேலையில் பெரும்பகுதி கருவிக்கு முன்னால், குழாயிலும் பைப்பெட்டிலும் நடக்கிறது. அதனால் பதிலும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

முதலில் எல்மன் முறை ஏன் தடுமாறுகிறது என்று பார்த்துவிடலாம். 1961இல் எல்மனும் அவருடைய சகாக்களும் தந்த அந்த முறையில் நொதிக்குக் கொடுப்பது அதன் இயல்பான வினைப்பொருள் (நொதி உடைக்கும் பொருள், சப்ஸ்ட்ரேட்) அல்ல, அசிட்டைல்தயோகோலின். அது உடைந்து வரும் தயோகோலின் டிடிஎன்பி என்னும் வேதிப்பொருளோடு சேர்ந்து மஞ்சள் நிறம் தர, 412 நானோமீட்டரில் அளக்கிறோம். சாற்றின் மஞ்சள், பழுப்பு நிறப்பொருள்கள் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சுகின்றன. சாற்றில் தயோல்கள் (தயோகோலினைப் போல கந்தக-ஹைட்ரஜன் தொகுதி உள்ளவை) இருந்தால் அவை நொதியே இல்லாமல் டிடிஎன்பியை மஞ்சளாக்கிவிடும். தயோகோலினை டிடிஎன்பிக்கு முன்பே பிடித்துக்கொள்ளும் பொருள் இருந்தால் நொதி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தடுக்கப்பட்டதுபோலத் தெரியும். இவை எதுவும் மாஸ் ஸ்பெக்கைப் பாதிக்காது. அது நிறத்தைப் பார்ப்பதில்லை. உண்மையான அசிட்டைல்கோலினையே கொடுத்து, குறைவதையும் கோலின் கூடுவதையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம்.

இரண்டுமே நான்காம்நிலை அம்மோனியம் அயனிகள். நேர்மின் சுமை மூலக்கூறிலேயே நிலையாக இருப்பதால் புரோட்டான் ஏற வேண்டியதில்லை, சோடியம் ஒட்டிய தனி உச்சமும் வராது. அசிட்டைல்கோலின் எம்/இசட் (நிறை-மின்சுமை விகிதம்) 146.1176இலும் கோலின் 104.1070இலும் வரும். டிரிப்பிள் குவாடில் தாய் அயனி→உடைந்த துண்டு என்ற இணையாக அசிட்டைல்கோலினுக்கு 146→87 (டிரைமெத்தில்அமீன் கழன்று போகிறது), கோலினுக்கு 104→60 எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிப்படுத்த 146→60, 104→45 இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மோதல் ஆற்றல் 12 முதல் 18 எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் தொடங்கி, உங்கள் கருவியில் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்து நிலைப்படுத்துங்கள். பொதுவான டியூனிங் பெரிய மூலக்கூறுகளை மனதில் வைத்துச் செய்யப்படுவதால், நூற்றுச்சொச்சம் எம்/இசட் வட்டாரத்தில் அயனிகள் வழியிலேயே உதிர்ந்துபோவது சாதாரணம். 1 மைக்ரோமோலார் கோலினை நேரடியாக ஏற்றி, இந்த எடைக்கென்றே டியூன் செய்தால் சிக்னல் நன்றாக உயரும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் பொருள்) இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஒன்பது டியூட்டீரியம் கொண்ட கோலின்-டி9 (113→69), அசிட்டைல்கோலின்-டி9 (155→87) இரண்டும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. சாற்றில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் அதே நேரத்தில் பிரிகுழலிலிருந்து (எல்சி column) இறங்கி அயனியாக்கத்தை அமுக்கினால், டி9 வடிவமும் ஏறக்குறைய அதே அளவு அமுங்கும். விகிதம் தப்பிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கோலின்-டி9 வாங்குங்கள், ஏனென்றால் வேகத்தைத் தருவது கோலின்தான். நூறில் பத்துப் பங்கு குறைவதை அளப்பதைவிட, பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஏறுவதை அளப்பதில் பிழை மிகக் குறைவு.

அடுத்தது பஃபர். எல்மன் முறையில் பழகிய பாஸ்பேட் பஃபர் இங்கே ஆகாது. அது ஆவியாகாது, அயனி மூலத்தில் வெள்ளையாகப் படிந்து சிக்னலைக் கொல்லும். டிரிஸ், ஹெப்பிஸ், சோடியம் குளோரைடு எல்லாம் அதே வகைதான். 20 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட் பயன்படுத்துங்கள். புதிதாகக் கரைத்தால் பிஎச் 7.8 முதல் 8.0 வரை தானாகவே வரும், நொதிக்கும் அதுதான் உகந்தது. திறந்து வைத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறிக்கொண்டே போகும். அசிட்டைல்கோலின் காரத்தில் தானாகவே நீராற்பகுக்கும் பொருள் என்பதால் நேற்றைய பஃபர் இன்றைய பிளாங்கை (நொதி சேர்க்காத ஒப்பீட்டு மாதிரியை) கெடுக்கும். அம்மோனியம் அசிடேட்டை நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள். ஆனால் அதன் தாங்கும் திறன் பிஎச் 4.8, 9.2 வட்டாரங்களில்தான் இருக்கிறது, நடுவில் 7.5இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்த வினையில் அசிட்டிக் அமிலம் பிறக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால் அது பொருத்தமான தேர்வு அல்ல.

விலாங்கு மின்மீனிலிருந்து எடுக்கும் நொதித்தூளோடு டிரிஸ் போன்ற உப்புகள் கலந்தே வரக்கூடும். பயப்பட வேண்டாம். மூலக்கரைசலைப் பல ஆயிரம் மடங்கு நீர்க்கப் போகிறோம், உப்பும் அதோடு நீர்த்துவிடும். கவனிக்க வேண்டியது வேறு: லேபிளில் உள்ள யூனிட் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கா, ஒரு மில்லிகிராம் தூளுக்கா என்று பாருங்கள். இதைக் குழப்பிக்கொண்டால் வேகம் பல மடங்கு தவறும்.

எவ்வளவு நொதி என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஒரு யூனிட் என்பது பிஎச் 8, 37 டிகிரியில் நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் அசிட்டைல்கோலினை உடைக்கும் அளவு. மில்லிலிட்டருக்கு 0.002 யூனிட் வைத்தால் உச்ச வேகம் நிமிடத்துக்கு 2 மைக்ரோமோலார். இந்த நொதியின் கேஎம் மதிப்பு (உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும் வினைப்பொருள் செறிவு) 100 மைக்ரோமோலார் வட்டாரம், அதனால் 100 மைக்ரோமோலார் வினைப்பொருளில் வேகம் பாதியாகி நிமிடத்துக்கு 1 மைக்ரோமோலார் வரும். பத்து நிமிடத்தில் பத்து விழுக்காடு மாற்றம், அதாவது தொடக்க வேகம் நேர்கோடாக இருக்கும் எல்லை. 25 டிகிரியில் இன்னும் சற்று மெதுவாக ஓடும். எல்மன் முறையில் போடும் அளவு நொதியை இங்கே அப்படியே போட்டால் முதல் மாதிரி எடுப்பதற்குள் வினை பெருமளவு ஓடிவிடும். இந்த நொதி அவ்வளவு வேகமானது. வினைப்பொருளை 1 மில்லிமோலாருக்கு மேல் ஏற்றவும் வேண்டாம், அதிகச் செறிவில் அசிட்டைல்கோலினே இந்த நொதியைத் தடுக்கும்.

ஒரு வினைக்கு 300 மைக்ரோலிட்டர் போதும். புரதம் ஒட்டாத வகை பாலிபுரோப்பிலீன் குழாயில் 237 மைக்ரோலிட்டர் பஃபர், மில்லிலிட்டருக்கு 0.02 யூனிட் உள்ள நொதிக்கரைசல் 30 மைக்ரோலிட்டர், சாறு 3 மைக்ரோலிட்டர் விட்டு 25 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். கார்பமேட் வகைத் தடுப்பான்கள் நொதியோடு மெதுவாகவே பிணையும். இந்தப் பத்து நிமிடத்தைக் குறைத்தால் அவை பலவீனமாகத் தெரியும். பிறகு 1 மில்லிமோலார் அசிட்டைல்கோலின் 30 மைக்ரோலிட்டர் சேர்த்தவுடன் கடிகாரத்தை ஓடவிடுங்கள். நொதியை இவ்வளவு நீர்த்தால் அது குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் செயலிழக்கத் தொடங்கும். நீர்க்கும் பஃபரில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் மாட்டு அல்புமின் போட்டுக்கொள்ளுங்கள், ஐஸில் வையுங்கள். அல்புமின் பின்னால் அசிட்டோநைட்ரைலில் படிந்துவிடும்.

சாற்றைக் கரைத்த கரைப்பானும் முக்கியம். டிஎம்எஸ்ஓ இந்த நொதியைத் தானே தடுக்கும். 1 விழுக்காடு போட்டுவிட்டு, கரைப்பான் கட்டுப்பாடு வைக்காமல் சாற்றுக்குத் தடுப்புத்திறன் உண்டு என்று எழுதுவது நடக்கக்கூடிய பிழை. சாறு கரையுமானால் மெத்தனால் மேல்.

2, 4, 6, 8, 10 நிமிடங்களில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து, ஐஸில் குளிர்ந்த 180 மைக்ரோலிட்டர் நிறுத்துக்கரைசலில் விட்டு உடனே வோர்டெக்ஸ் செய்யுங்கள். நிறுத்துக்கரைசல் என்பது 0.1 விழுக்காடு ஃபார்மிக் அமிலம் கலந்த அசிட்டோநைட்ரைல், அதில் 1 மைக்ரோமோலார் கோலின்-டி9, 1 மைக்ரோமோலார் அசிட்டைல்கோலின்-டி9. அசிட்டோநைட்ரைல் நொதியைக் குலைக்கிறது, அமிலம் தானாக நடக்கும் நீராற்பகுப்பையும் நிறுத்துகிறது. பிறகு 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி மேல்நீரைப் பிளாஸ்டிக் வயலுக்கு மாற்றுங்கள். கண்ணாடி வயல் வேண்டாம், நான்காம்நிலை அம்மோனியம் கண்ணாடியில் ஒட்டும். பூஜ்ய நேர மாதிரிக்கு நிறுத்துக்கரைசலை முதலில் வைத்து, அதற்குள் நொதியையும் வினைப்பொருளையும் தனித்தனியாக விடுங்கள்.

நொதி உண்மையிலேயே நின்றதா? அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கோலின்-டி9 சேர்க்காமல் அசிட்டைல்கோலின்-டி9 மட்டும் உள்ள நிறுத்துக்கரைசலில் நொதியை விட்டு ஒரு மணி நேரம் கழித்து 113→69 பாருங்கள். அங்கே உச்சம் வளர்ந்தால் நொதி சாகவில்லை. ஆட்டோசாம்ப்ளரில் வரிசையில் கடைசியாக நிற்கும் மாதிரிகளுக்கு எப்போதும் அதிகக் கோலின் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான்.

பிரிப்புக்கு ஹிலிக் பிரிகுழல் (நீரில் நன்கு கரையும் பொருள்களைத் தங்கவைக்கும் வகை). நீர்விரும்பாப் பொருள்களைத் தங்கவைக்கும் சாதாரண சி18 பிரிகுழலில் இரண்டும் தங்காமல், உப்போடு சேர்ந்து முதலிலேயே வெளியே வந்துவிடும். 2.1 x 100 மில்லிமீட்டர் பிரிகுழல், நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர். நீர்ப்பக்கம் 10 மில்லிமோலார் அம்மோனியம் ஃபார்மேட், பிஎச் 3. மறுபக்கம் அசிட்டோநைட்ரைல். 90 விழுக்காடு அசிட்டோநைட்ரைலில் தொடங்கி 50 வரை இறக்குங்கள். சுத்த அசிட்டோநைட்ரைலில் ஃபார்மேட் கரையாமல் படியும், பம்பை அடைக்கும், அதனால் உப்பு சேர்ந்த பக்கத்தில் நீர் எப்போதும் இருக்கட்டும். மாதிரி ஏற்கெனவே 90 விழுக்காடு அசிட்டோநைட்ரைலில் இருப்பதால் 2 மைக்ரோலிட்டர் நேராக ஏற்றலாம். யாராவது வயலில் தண்ணீர் சேர்த்து நீர்த்தால் உச்சம் இரண்டாகப் பிளந்து நிற்கும். முதல் ஒன்றரை நிமிட ஓட்டத்தை டைவர்ட் வால்வு வழியே கழிவுக்கு அனுப்புங்கள்.

“எம்ஆர்எம்மே (தாய் அயனி→துண்டு இணையை மட்டும் பார்க்கும் முறை) தனித்தன்மை தருமே, பிரிகுழல் எதற்கு?” என்று தோன்றும். மூலிகைச் சாற்றில் இது ஆபத்தான நம்பிக்கை. செடிகளில் காபா (காமா-அமினோபியூட்டிரிக் அமிலம்) தாராளமாக உண்டு, அதன் புரோட்டான் ஏறிய அயனி எம்/இசட் 104.0706. கோலினுக்கும் அதற்கும் இடைவெளி 0.036தான், ஒற்றைக் குவாடில் இரண்டும் ஒன்றே. டிரிப்பிள் குவாடில் காபா பெரும்பாலும் 87, 86 என்று உடைவதால் 104→60 காப்பாற்றும். காமா-பியூட்டிரோபீட்டைனின் கதை வேறு. புரோட்டான் ஏறிய அதன் அயனிக்கும் அசிட்டைல்கோலினுக்கும் வாய்பாடே ஒன்று, அதுவும் டிரைமெத்தில்அமீனை இழந்து 87 தரும். எவ்வளவு உயர்ந்த பிரிதிறன் உள்ள கருவியும் இவ்விரண்டையும் எடையால் பிரிக்காது, பிரிகுழலிலிருந்து இறங்கும் நேரம்தான் பிரிக்கும். இதற்கெல்லாம் மேல், செடிச்சாற்றில் கோலினே இயல்பாக இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சாற்றுக்கும், ஒவ்வொரு செறிவுக்கும் நொதி இல்லாத பிளாங்க் ஒன்று கட்டாயம்.

பின்னணிக் கோலின் இன்னொரு வழியிலும் வரும். அசிட்டைல்கோலின் குளோரைடு காற்றில் திறந்தால் ஈரத்தை இழுக்கும், மெல்ல உடையும். பாட்டிலில் ஒரு விழுக்காடு கோலின் இருந்தாலே வினையில் 1 மைக்ரோமோலார் ஆகிவிடும். அது முதல் நிமிடத்தில் நொதி தரும் அளவு. அதனால்தான் ஒற்றை நேரப்புள்ளியை நம்பாமல் சாய்வை எடுக்க வேண்டும். பின்னணி வெட்டுத்துண்டில் போய்விடும், சாய்வைத் தொடாது. 10 மில்லிமோலார் கரைசலுக்கு 10 மில்லிலிட்டரில் 18.17 மில்லிகிராம் எடை போடுவீர்கள், ஆனால் அந்த எடையில் எவ்வளவு ஈரம் என்று தராசு சொல்லாது. அந்தக் கரைசலில் சிறிதளவை 100 மைக்ரோமோலாராக நீர்த்து, மில்லிலிட்டருக்கு 1 யூனிட் நொதி போட்டு அரை மணி நேரம் முழுமையாக உடையவிட்டு, வரும் கோலினை அளந்தால் உண்மையான செறிவு கிடைத்துவிடும். கேலிபரேஷனுக்கு எடுக்கும் கோலின் குளோரைடும் ஈரம் இழுப்பதுதான், வெற்றிட டெசிக்கேட்டரில் உலர்த்தி எடை போடுங்கள்.

கேலிபரேஷன் கோட்டை வயலில் 0.02 முதல் 5 மைக்ரோமோலார் வரை, அதே நிறுத்துக்கரைசலில், கொதிக்கவைத்த நொதியோடும் சாற்றோடும் சேர்த்துத் தயாரியுங்கள். சுத்த அசிட்டோநைட்ரைலில் போட்ட கோடு அழகாக இருக்கும், உங்கள் மாதிரிக்குப் பொருந்தாது.

எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் கோலினையும் அசிட்டைல்கோலினையும் செறிவாக மாற்றிக் கூட்டுங்கள். தொடக்கக் கோலினையும் சேர்த்து, கூட்டுத்தொகை ஐந்து விழுக்காட்டுக்குள் நிலையாக நிற்க வேண்டும். எல்மன் முறையில் இந்த வசதி கிடையாது, அங்கே ஒரு பக்கம் மட்டுமே தெரிகிறது. கூட்டுத்தொகை அங்குமிங்கும் தாவினால் பைப்பெட் பிழை. எல்லா மாதிரியிலும் ஒரே சீராகக் குறைந்தால் பெரும்பாலும் டிடெக்டர் நிறைந்துபோயிருக்கிறது: வயலில் அசிட்டைல்கோலின் 9, 10 மைக்ரோமோலார் இருக்கும்போது கோலின் 1 மைக்ரோமோலார்கூட இருக்காது. மாதிரியை மறுபடி நீர்த்தால் கோலின் தொலைந்துவிடும். அதற்குப் பதிலாக 146→87 வழிக்கு மட்டும் மோதல் ஆற்றலை உகந்த அளவிலிருந்து வேண்டுமென்றே தள்ளி வைத்து அதன் சிக்னலைக் குறையுங்கள். 155→87 வழிக்கும் அதே ஆற்றலை வைக்க மறக்காதீர்கள்.

முந்தைய மாதிரியின் எச்சமும் தொல்லை தரும். அதிகச் செறிவு ஏற்றியபின் வெறும் கரைப்பானை ஏற்றினால் கோலின் உச்சம் எட்டிப் பார்க்கும். ஃபார்மிக் அமிலம் கலந்த நீர்-அசிட்டோநைட்ரைலில் ஊசியைக் கழுவுங்கள், தடுப்பான் அதிகமுள்ள மாதிரிகளை முதலிலும் இல்லாதவற்றைக் கடைசியிலும் ஏற்றுங்கள்.

சிரிஞ்சிலிருந்து நேராக அயனி மூலத்துக்குள் வினைக்கலவையை விட்டு, நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் முறையும் உண்டு. வினையை நிறுத்துவதும் இல்லை, பிரிகுழலும் இல்லை. சுத்த நொதியும் அம்மோனியம் பைகார்பனேட்டும் மட்டும் இருந்தால் அருமையாக வேலை செய்யும். நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில், 100 மைக்ரோமீட்டர் உள்விட்டமும் அரை மீட்டர் நீளமும் உள்ள கேப்பில்லரியில் கிட்டத்தட்ட 4 மைக்ரோலிட்டர் நிற்கும், அதாவது திரையில் தெரிவது சுமார் 47 விநாடிக்கு முந்தைய வினை. இந்தத் தாமதத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் மூலிகைச் சாற்றுக்கு இதைச் செய்ய வேண்டாம். சாற்றின் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து சிக்னலை அமுக்கும், அந்த அமுக்கம் ஓட்டத்தின் நடுவிலேயே மாறும். மால்டியும் (மாதிரியை மேட்ரிக்ஸ் என்னும் பொருளில் கலந்து லேசரால் அயனியாக்கும் முறை) பொருந்தாது, கோலின் வரும் எடையில் மேட்ரிக்ஸின் உச்சங்கள் நெரிசலாக நிற்கும்.

காசும் நேரமும் சொல்லியாக வேண்டும். ஆறு நேரப்புள்ளிகள் (பூஜ்யம் சேர்த்து), ஆறு செறிவுகள், மும்முறை என்றால் ஒரு சாற்றுக்கு 108 ஓட்டம். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒன்பது மணி நேரம். எல்மன் முறை 96 குழித் தட்டில் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். ஆகவே எல்லாச் சாற்றையும் மாஸ் ஸ்பெக்கில் ஓட்டுவது வீண். எல்மன் முறையில் சல்லடை போட்டு, நிறமோ தயோலோ சந்தேகம் தரும் சாறுகளையும், நல்ல தடுப்பு காட்டியவற்றையும் மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். நேர்கோடு எந்த நிமிடம் வரை நீள்கிறது என்று தெரிந்தபின் பூஜ்யம், நடு, கடைசி என்று மூன்று புள்ளிகளாகவும் குறைக்கலாம்.

கட்டுப்பாட்டுக்கு, இந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளான கலந்தமின் (galantamine) அல்லது டோனெபெசில் ஓட்டுங்கள். முதலாவது மைக்ரோமோலார் வட்டாரத்திலும் இரண்டாவது நானோமோலார் வட்டாரத்திலும் பாதித்தடுப்பு (நொதியின் வேகம் பாதியாவது) காட்டும். இரண்டு முறைகளின் பாதித்தடுப்புச் செறிவை ஒப்பிடும்போது எண்கள் அப்படியே ஒத்துவர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. போட்டித் தடுப்பானுக்கு அந்த எண், வினைப்பொருள் கேஎம்மைப் போல எத்தனை மடங்கு இருக்கிறது என்பதைப் பொறுத்து நகரும், இங்கே வினைப்பொருளும் வேறு.

கடைசியாக, இந்த முறை தீர்க்காத ஒன்று. டானின்களும் சபோனின்களும் நிறைந்த சாறு, நொதியைக் குறிப்பாகப் பிணையாமலே, பொதுவாகப் புரதத்தைத் திரட்டியோ குலைத்தோ செயலிழக்கச் செய்யும். கோலின் உண்மையாகவே குறையும், மாஸ் ஸ்பெக்கும் உண்மையாகவே அதைக் காட்டும், ஆனால் மருந்தாக அதற்குப் பொருள் இல்லை. நொதியின் அளவை ஐந்து மடங்காக்கி, அதற்கேற்ப நேரத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பாதித்தடுப்புச் செறிவு தெளிவாக மேலே நகர்ந்தால் திரட்டும் வேலை என்று சந்தேகிக்கலாம். 0.01 விழுக்காடு ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி. 44 இடைவெளியில் வரிசையாக உச்சங்களைக் கொட்டும் அந்த டிடர்ஜென்ட் ஹிலிக்கில் தங்காமல் முதலிலேயே இறங்குவதால், டைவர்ட் வால்வு அதைக் கழிவுக்கு அனுப்பிவிடும். டானினைப் பாலிஅமைடு தூளில் உறிஞ்சி நீக்கிவிட்டும் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் தடுப்பு அப்படியே நின்றால், அந்தச் சாற்றைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் திறன் இருக்கிறது என்று தேடும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.